பன்னிரண்டாயிரம் பிராங்குக்கு ஒரு லத்தீன் பெயர்

சாகாவரத்தின் விலை பன்னிரண்டாயிரம் பிராங். பாதி முன்பணம், மீதி அச்சில் பெயர் வந்த பிறகு. 1987 பெப்ரவரியில் பாரிஸின் லா ஷப்பெல் வட்டாரத்தில் இதுதான் நிலவரம். இந்தச் சரக்குக்காகத் தேவர்கள் பாற்கடலைக் கை வலிக்கக் கடைந்தார்களாம். பாவம், அவர்களுக்கு டாக்டர் எமிலின் விலாசம் தெரியாது.

மதலேன் அம்மாளுக்கு இந்த விலை தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ரூ பஜோல் தெருவில் தையல்கடைக்கு மேல் மாடியில் அவளுக்கு ஓர் அறை. கதவில் "தேடித் தரப்படும்" என்று இரண்டு மொழிகளில் எழுதியிருக்கும். புதுச்சேரி பெரிய கடையில் துணி வியாபாரம் செய்தவரின் மகள். பாரிஸ் தபால் அலுவலகத்தில் தொலைந்த பார்சல்களைத் தேடும் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். பொய் சொல்கிறவன் தொண்டையைச் செருமுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய உதவியாளன் மகேந்திரராசா. யாழ்ப்பாணத்தான், முப்பத்தெட்டு வயது. நான்கு ரெஸ்தோரான்களில் கோப்பை கழுவி, நான்கிலும் வாயால் வேலை இழந்தவன். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் இதுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் புனிதவதி. விரல் நுனிகள் மருந்து பட்டு வெளிறியிருந்தன.

"என்னம்மா தொலைஞ்சுது?" என்றாள் மதலேன்.

"ஒரு உயிர், மதாம்."

"ஆளோ, ஆடோ?" என்றான் மகேந்திரராசா.

"கிருமி, அண்ணை. பாக்டீரியா."

"கிருமி துலைஞ்சா தேங்காய் உடைக்க வேணும் தங்கச்சி. சனம் காசு குடுத்தெல்லே அதைத் துலைக்குது."

மதலேன் அவனைப் பார்த்தாள். அவன் வாய் மூடியது, அதாவது, தற்காலிகமாக.

புனிதவதி சொன்ன கதை இது. ஊரில் நுண்ணுயிரியல் படித்தவள். இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. குடியிருப்பது செவ்ரானில், கால்வாய் ஓரம். அங்கே உலோகங்களுக்கு முலாம் பூசுகிற பட்டறை ஒன்று தன் கழிவைச் சுடச்சுடக் குழாய் வழியாகக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே சேறு தார் மாதிரிக் கறுப்பு. அந்த விஷச் சேற்றில் எதுவுமே உயிர் வாழக்கூடாது. ஒன்று வாழ்ந்தது. புனிதவதி அதைப் பிரித்தெடுத்தாள். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், பதினான்கு மாதம் அதன் பின்னாலேயே அலைந்தாள்.

"என்ன உருவம், என்ன சாயம் பிடிக்குது, எந்தச் சீனியைத் தின்னுது, எதைத் தொடாது, எல்லாம் பாத்தன். கடைசியா அதின்ரை பரம்பரைப் பொருளை எடுத்து, கிட்டத்துச் சொந்தம் எண்டு சொல்லக்கூடிய நாலு இனத்தோடையும் ஒப்பிட்டன். ஒண்டோடையும் ஒட்டேல்லை. புது இனம், மதாம்."

"சொந்தக்காரர் ஒருத்தரோடையும் ஒட்டாதெண்டால் எங்கடை பெரியப்பா மாதிரி" என்றான் மகேந்திரராசா.

"எடுத்தது யாரு?" என்றாள் மதலேன்.

"டொக்டர் எமில். லபோவுக்குப் பொறுப்பு அவர்தான். மூண்டு கிழமைக்கு முந்தி ரெண்டு குழாயையும் நோட்டுப் புத்தகத்தையும் காணேல்லை. இப்ப தான் கண்டுபிடிச்சதெண்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நான் போய்ச் சேமிப்பகத்திலை சண்டை பிடிச்சன்."

உலகத்தில் உள்ள கிருமி இனங்களை உயிரோடு வரிசையாகக் காப்பாற்றி வைக்கிற இடத்துக்குப் பெயர்தான் சேமிப்பகம். புது இனம் என்று பதிய எழுத்து மட்டும் போதாது. அத்தாட்சியாக ஓர் உயிருள்ள வளர்ப்பை அங்கே ஒப்படைக்க வேண்டும். அதன் பொறுப்பாளர் ஒரு கிழவி. இரண்டு பேர் கத்தலையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாளாம்: புதன்கிழமை இருவரும் தங்கள் குழாயைக் கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் எது வளர்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

"என்னட்டை ஒண்டும் இல்லை" என்றாள் புனிதவதி. "வெள்ளிக்கிழமை வெறுங்கையோடை நிண்டால் நான் பொய்க்காரி. அவர் என்னை வேலையாலை நிப்பாட்டுவார். மார்ச்சிலை கார்த் து செஜூர், இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்கோணும். வேலை இல்லாட்டி கார்த்தும் இல்லை."

"திரும்பவும் அந்தச் சேத்தை எடுக்க முடியாதா?"

"ஜனவரியிலை கால்வாயைத் தூர் வாரிட்டினம். பட்டறையையும் பூட்டிட்டினம்."

மதலேன் பென்சிலைக் காதில் செருகினாள். "குழாய் ரெண்டையும் எங்க வச்சிருந்தே?"

"சுடுதண்ணிப் பைப் போற அலுமாரிக்குள்ளை. மற்றக் கிருமி எல்லாத்தையும் ஃபிரிஜ்ஜிலைதான் வைக்கிறது. இது சூட்டுச் சேத்திலை பிறந்தது. நாலைஞ்சு நாள் குளிரிலை வைச்சாலே செத்துப்போகும். பாத்தாத் தெரியாது, அப்பிடியே இருக்கும். ஆனால் செத்திருக்கும்."

"இதை நோட்டுல எழுதியிருக்கியா?"

புனிதவதி தயங்கினாள். "இல்லை. ஐயாவுக்குச் சாவகச்சேரியிலை புடவைக்கடை. கொள்விலை, கடன், வட்டி எல்லாம் எழுதுவார். சரக்கு எங்கை எடுக்கிறதெண்டு மட்டும் எழுத மாட்டார். எனக்கும் அந்தப் பழக்கம்."

அன்று காலை முதல்முறையாக மதலேன் சிரித்தாள்.

பிறகு புனிதவதி கைப்பையிலிருந்து எமிலின் குப்பைத்தொட்டியில் பொறுக்கிய கார்பன் தாள் ஒன்றை எடுத்தாள். மதலேன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டச்சு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. புது இனத்துக்கு எமில் வைத்திருந்த பெயர் லத்தீனில் இருந்தது. இரண்டாவது சொல்: "ராஜதுரையி."

"லத்தீன்ல ராஜதுரையா?"

மகேந்திரராசா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஃபொபூர் சேன்-தெனியிலை பலசரக்குக் கடை வைச்சிருக்கிற இராஜதுரை முதலாளி! டொக்டர் ஒருத்தர் தன்ரை பேரை உலகப் புத்தகத்திலை ஏத்திறாராம் எண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லித் திரியிறார். பன்னிரண்டாயிரம் பிராங்காம். ஆறாயிரம் குடுத்திட்டாராம். நான் ஏதோ டெலிபோன் புத்தகமாக்கும் எண்டு நினைச்சன்."

ஒரு மணி நேரம் கழித்து, கறுப்பு உடுப்பில் ஒரு விதவை எமிலின் அறைக்குள் நுழைந்தாள். பின்னால் குடை பிடித்தபடி ஓர் ஊமை மைத்துனன். "நீ வாயைத் தொறந்தா யாழ்ப்பாணம் வந்துடும். பேசாம வா" என்று மதலேன் படியிலேயே எச்சரித்திருந்தாள்.

எமிலும் புதுச்சேரிக்காரர்தான். அவருடைய பெயரட்டையில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் நான்கு வரி. வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று பேனா. அதில் ஒன்றிலாவது மை இருந்ததா என்பது சந்தேகம்.

"வாங்க மதாம், உக்காருங்க. கணவர் பேரு?"

"லாசர். கப்பல்ல சமையல் பண்ணாரு. அவர் பேரு அழியக்கூடாதுங்க."

"லாசரி!" எமில் கண்ணை மூடிச் சுவைத்தார். "லத்தீன்ல எவ்ளோ அழகா உக்காருது பாருங்க. இப்ப கைவசம் ஒரு ஈஸ்ட் இருக்கு, எட்டாயிரம். பாக்டீரியான்னா பன்னிரண்டு."

"பாக்டீரியா ஈஸ்ட்டை விடச் சின்னதாச்சே, முசியே. விலை மட்டும் ஏன் கூட?"

எமில் கோட்டுப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார். அந்தக் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் அவரிடம் கேட்டதில்லை. "சின்னதுதான் மதாம். ஆனா பழைய குடும்பம்."

ஊமை மைத்துனனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சரக்கைக் கண்ணால பாக்கலாங்களா?"

எமில் பெருமையோடு எழுந்து மூலையில் இருந்த ஃபிரிஜ்ஜைத் திறந்தார். வெண்ணெய், பாதி தின்ற பாலாடைக்கட்டி, அதன் பக்கத்தில் நகைப்பெட்டி மாதிரி ஒரு சிறு பெட்டி. உள்ளே வெல்வெட்டில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் சரிவில் தாமிர நிறத்தில் ஒரு கோடு.

"நானே கால்வாய்ல முழங்கால் வரைக்கும் எறங்கி எடுத்தது" என்றார். அவருடைய சப்பாத்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. "இது ஒருத்தருக்கு முடிஞ்சுபோச்சு. அடுத்தது உங்களுக்கு."

"எத்தினி நாளா இதுக்குள்ள இருக்கு?"

"மூணு வாரம். வெளிய எடுக்கறதே இல்ல. அவ்ளோ பத்திரம்."

"ஒண்ணுதானா?"

"உலகத்திலேயே ஒண்ணு!"

"மெர்சி, தொக்தேர்" என்று மதலேன் எழுந்தாள். "மனசுக்கு நிறைவா இருக்கு."

மெட்ரோவுக்குக் கீழே இருந்த கஃபேயில் புனிதவதி காத்திருந்தாள். மதலேன் ஃபிரிஜ்ஜைப் பற்றிச் சொன்னதும் அவள் கையிலிருந்த கோப்பை தட்டில் இறங்கியது. மேலே ரயில் ஒன்று மேசையைக் குலுக்கிக்கொண்டு போனது.

"மூண்டு கிழமை எண்டால் செத்துப்போச்சு, மதாம். களவெடுத்ததோடை கொலையும் செய்திட்டார். இனி அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உலகத்திலை ஒருத்தரிட்டையும் இல்லை."

"ஆளைப் பாத்தா அப்பிடித்தான் இருக்கு" என்றான் மகேந்திரராசா. "அவர் கையிலை ஊறுகாயே செத்துப்போகும்."

மதலேன் தட்டிலிருந்த இரண்டு சர்க்கரைக் கட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றைத் தன் காப்பியில் போட்டாள். மற்றதை விரலால் தட்டினாள்.

"ரெண்டு குழாய் போச்சுன்னு சொன்னே. ஃபிரிஜ்ஜுல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு?"

"எறிஞ்சிருப்பார்."

"பெயரை வித்துக் காசாக்கறவன் எதையும் எறியமாட்டான். மகேன், இந்த இராஜதுரை கொத்தமல்லி மூட்டை வாங்கறதைப் பாத்திருக்கியா?"

"பாக்காமலே? கையை முழங்கை மட்டும் உள்ளுக்கு விட்டு, அடியிலை இருந்து ஒரு பிடி எடுத்து, மணந்து, கடிச்சு, துப்பி, பிறகுதான் விலை கேப்பார்."

"நாப்பது பிராங் மல்லிக்கே அந்தப் பாடு. ஆறாயிரம் முன்பணத்தைக் கண்ணால பாக்காத சரக்குக்குக் குடுப்பாரா? மாதிரி கேட்டிருப்பார். கையில வாங்கிக்கிட்டுத்தான் பணத்தை எண்ணியிருப்பார்."

புனிதவதி நிமிர்ந்தாள். பிறகு நிமிர்ந்த முகம் விழுந்தது. "அவரும் ஃபிரிஜ்ஜிலை வைச்சிருந்தால்?"

மதலேன் காப்பிக்குச் சில்லறையை வைத்துவிட்டு எழுந்தாள். மூன்று பேரும் நடந்தே போனார்கள். அதாவது, மற்றவர்கள் ஓட்டம் என்று சொல்லக்கூடிய நடை.

இராஜதுரையின் கடையில் நின்றுகொண்டு மூச்சு விடலாம், திரும்ப முடியாது. ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் பனங்கிழங்கு ஒடியல் மா, நடுவில் மனிதர்களைவிட உயரமான மீன் ஃபிரீசர். மகேந்திரராசா நேராகப் போய் அதைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"என்ன தேடுறாய்? பாரையோ, விளையோ?" என்றார் இராஜதுரை, கல்லாவிலிருந்து எழாமலே. தங்கச் சங்கிலியும் அதைத் தாங்குகிற வயிறும் கொண்ட மனிதர்.

"உங்க பேரைத்தாங்க தேடறோம்" என்றாள் மதலேன். "லத்தீன்ல ஒண்ணு வாங்கியிருக்கீங்களாமே. ஊரே பேசுது."

ஊர் பேசுகிறது என்றதும் இராஜதுரையின் முகம் மலர்ந்தது. "கதைக்குதோ? கதைக்கட்டும். ஆனால் அதைப் போய் மீனுக்குள்ளை தேடுறியளே! என்ரை பேரைச் சுமக்கிற உயிரை நான் செத்த மீனோடை வைப்பனே? அது இருக்க வேண்டிய இடத்திலை இருக்குது."

கையை உயர்த்திக் காட்டினார்.

கல்லாவுக்குப் பின்னால், சுவரில் சாமித்தட்டு. பிள்ளையார், முருகன், லட்சுமி. முன்னால் இரவு பகலாக எரிகிற சிவப்பு மின்விளக்கு. தட்டுக்கு நேர் கீழே, பெப்ரவரிக் குளிருக்காக முழுவேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டர். பிள்ளையாரின் வலது பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் பூசப்பட்டு, மூடியில் ஒரு காய்ந்த பூவோடு, கண்ணாடிக் குழாய்.

புனிதவதி கேட்காமலே கையை நீட்டிக் குழாயைத் தொட்டாள். விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன.

"சூடாய் இருக்குது" என்றாள். "மதாம், இளஞ்சூடு."

"கையை எடு பிள்ளை!" இராஜதுரை எழுந்துவிட்டார். "ஆறாயிரம் எண்ணிக் குடுத்த சாமான். காய்ச்சல் எல்லாத்தையும் மாத்திற தெய்வீகக் கிருமியெண்டு டொக்டர் சொன்னவர். ஒவ்வொரு வெள்ளியும் கற்பூரம் காட்டுறன். தரமாட்டன்."

"டொக்டர் அதை எங்கை எடுத்ததெண்டு சொன்னவரோ, முதலாளி அண்ணை?" என்றான் மகேந்திரராசா.

"இமயமலைப் பக்கமெண்டு..."

"செவ்ரான் கால்வாயிலை. பட்டறைக் கழிவுக் குழாய்க்குக் கீழை. வாத்தும் இறங்காது, நாயும் மணக்காது. கூழ்முட்டை நாத்தம். அந்தச் சேத்துக்குள்ளை கிடந்து குடும்பம் நடத்தின சீவன் அண்ணை இது."

இராஜதுரை புனிதவதியைப் பார்த்தார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஓம், கழிவுச் சேறுதான்" என்றாள். "ஆனால் அது கூடாத கிருமி இல்லை, அந்த விஷத்தையே..." மதலேனின் செருப்பு அவள் காலை மிதித்தது. வாக்கியம் அங்கேயே நின்றது.

இராஜதுரை தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, கடைக்கு நடுவிலேயே முழங்கை வரை கழுவினார்.

"மூண்டு கிழமை! சாமிக்குப் பக்கத்திலை! தேர்த் திருவிழாவுக்கு என்ரை பேரோடை நோட்டீஸ் அடிக்கவெண்டு ஆளும் பிடிச்சிட்டன்! உலகத்துப் புத்தகமெல்லாம் கக்கூசுக் கிருமி இராஜதுரை எண்டெல்லே நிக்கும்! எடுங்கோ! கொண்டு போங்கோ! என்ரை பேரையும் அதிலை இருந்து வெட்டுங்கோ!"

"வெட்டலாம்" என்றாள் மதலேன், நாற்காலி இல்லாததால் அரிசி மூட்டையில் உட்கார்ந்தபடி. "எழுத அரைவிலை ஆறாயிரம் குடுத்தீங்க. வெட்டவும் அதேதான்."

"ஆறாயிரமோ! வெட்டுறது லேசான வேலை!"

"எழுதறதுதான் லேசு. எமிலே செய்யறான். வெட்டத்தான் நாணயமான ஆள் வேணும்."

"மூவாயிரம்."

"மகேன், குழாயைச் சாமிக்குப் பக்கத்திலேயே திரும்ப வை."

"ஐயோ வேண்டாம்! நாலு."

"கோயிலுக்குப் போகணும், மகேன். ஆறு மணி பூஜைக்கு எல்லாரும் வந்திருப்பாங்க."

ஐயாயிரத்து நானூறில் ரொக்கம் நின்றது. மீதி அறுநூறுக்கு இரண்டு மூட்டை அரிசி என்று இராஜதுரை மூச்சு வாங்கினார். அந்த மூட்டை முந்நூறு பெறாது என்று மகேந்திரராசா முணுமுணுத்தான். ஆனாலும் தூக்கிக்கொண்டான். புனிதவதி குழாயைக் கம்பளிச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல். சேமிப்பகத்தின் பொறுப்பாளர் இரண்டு கண்ணாடித் தட்டுகளை மேசையில் வைத்தாள். எமில் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். வெற்றிக்காக வாங்கியது போலப் புதிதாக இருந்தது.

முதல் தட்டு எமிலின் குழாயிலிருந்து விதைத்தது. மூடியைத் திறந்தாள். மழித்த தலை மாதிரித் துப்புரவு. ஒரு புள்ளி இல்லை.

இரண்டாவது புனிதவதியுடையது. தட்டு நிறையத் தாமிர நிறப் புள்ளிகள், கடுகு தெறித்தது போல. கிழவி நுண்ணோக்கியில் பார்த்தாள், எமில் எழுதி அனுப்பியிருந்த விவரங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பிறகு எமிலிடம் ஒரே கேள்வி.

"குழாயை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"ஃபிரிஜ்ஜில். எல்லாரையும் போல."

"நீ?"

"சுடுநீர்க் குழாய் அலமாரியில், மதாம். இது குளிரில் சாகும்."

கிழவி பேனாவின் மூடியைக் கழற்றினாள். "பெற்றவளுக்குத்தான் பிள்ளை எதற்கு அழும் என்று தெரியும், முசியே எமில். வாசல் அந்தப் பக்கம்."

எமில், தன் குழாய் வந்த வண்டி வழியில் குலுங்கியதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மகேந்திரராசா மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தான்.

கிழவி குழாயை வெளிச்சத்தில் திருப்பினாள். "மூடியில் இது என்ன, சிவப்பும் மஞ்சளுமாய்?"

"தர முத்திரை, மதாம்" என்றான் அவன் பிரெஞ்சில்.

இனத்துக்குப் பெயர் கேட்டபோது புனிதவதி யோசிக்கவே இல்லை. செவ்ரான் ஊரின் பெயரையே லத்தீனில் சொன்னாள். கிழவி அதை எழுதினாள். அதற்குப் பின்னால், அதே வரியில், புனிதவதியின் பெயரையும் வருடத்தையும் எழுதினாள்.

"என்ரை பேர் ஏன்?"

"முதலில் விவரித்தவர் பெயர் இனத்தின் பெயருக்குப் பின்னால் நிற்கும். எங்கள் வழக்கம். உலகத்தில் யார் இதை முழுதாக எழுதினாலும், எத்தனை நூறு வருடம் போனாலும், உன்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்."

"இதுக்கு எவ்வளவு வாங்குவினம்?" என்று மகேந்திரராசா மதலேனின் காதில் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் மதலேன்.

புனிதவதி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சேமிப்பகத்திலேயே அவளுக்கு ஒரு மேசை தருவதாகக் கிழவி எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. மார்ச்சுக்கு இன்னும் ஒன்பது நாள்.

திரும்புகிற மெட்ரோவில் மதலேன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பழைய பார்சல் ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். தோளுக்கு மேலாக மகேந்திரராசா வாசித்தான்.

இராஜதுரை. பெயர் எழுத 6,000. வெட்ட, ரொக்கம் 5,400, அரிசி 600. ஆக 12,000. சொன்ன விலையில் ஒரு சாந்தீம் குறையவில்லை. கிடைத்த பெயர்: இல்லை.

புனிதவதி. செலவு: இல்லை. கிடைத்த பெயர்: ஒன்று. இவள் இங்கே பல்கலைக்கழகத்தில் சேர மேற்படி ரொக்கத்தில் பாதி.

எமில். எடுத்த உயிர் இரண்டு. திரும்பி வந்தது ஒன்று. பாக்கி ஒன்று.